கிரேக்க கிராமத்து சாலட் வீட்டில்: தண்ணீர் தேங்குகிறது, உப்பு கரிக்கிறது. எங்கே தப்பு?

தோணித்துறை_மண்டபம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு மதியம் நாலு பேருக்குச் சுட்ட மீனோட வைக்க, கிரேக்க சாலட்டை அதன் முறைப்படியே செய்யணும். கைவசம் இருப்பது இவ்வளவு: 200 கிராம் ஃபெட்டா சீஸ் பாக்கெட் ஒன்று (மாட்டுப்பால் என்று போட்டிருக்கிறது), டின்னில் வரும் கொட்டை எடுத்த கறுப்பு ஆலிவ், எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய், பீட்சாவோடு வரும் ஆரிகனோ பொட்டலம் நாலைந்து. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயம் ராமநாதபுரம் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

சந்தேகங்கள்: கலந்து வைத்து அரைமணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, ஃபெட்டா கரைந்து எல்லாமே வெள்ளை வெள்ளையாகிவிடுகிறது. இது ஏன்? உப்பு எவ்வளவு, எப்போது போடுவது? லெட்யூஸ் சேர்க்கணுமா? ஆலிவ் எண்ணெய் விலைக்கு, பாதி செக்கு நல்லெண்ணெய் ஊற்றினால் என்ன? கடைசியாக, இங்கே ஆட்டுப்பால் கிடைக்கிறது. அதில் ஃபெட்டா மாதிரி வீட்டிலேயே செய்ய முடியுமா?

கீழக்கரை_அடுப்படி பதில்:

லெட்யூஸ் வேண்டாம் தம்பி. இதற்கு கிரேக்க மொழியில் ஹோரியாட்டிகி என்று பெயர், ‘கிராமத்தது’ என்று அர்த்தம். தக்காளி பழுக்கும் கோடைகாலத்துப் பண்டம் அது. இலை போட்டுச் செய்வது அங்கே வேறு சாலட். முட்டைக்கோஸ் சாலட் குளிர்காலத்துக்கு உரியது. லெட்யூஸ் சேர்க்கும் பழக்கம் அமெரிக்க உணவகங்களிலிருந்து வந்தது. சீஸைத் துருவித் தூவினால் அது பக்கத்து நாடான பல்கேரியாவின் ஷோப்ஸ்கா. கிரேக்க முறையில் ஃபெட்டா ஒரே பலகையாக மேலே உட்கார்ந்திருக்கும். உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

நாலு பேருக்கு அளவு: நன்றாகப் பழுத்த தக்காளி 600 கிராம், வெள்ளரி 250 கிராம், பச்சைக் குடைமிளகாய் நடுத்தரமாக ஒன்று, சிவப்புப் பெரிய வெங்காயம் சின்னதாக ஒன்று (80 கிராமுக்கு மேல் வேண்டாம்), ஆலிவ் 16, ஃபெட்டா 200 கிராம், எண்ணெய் 60 மி.லி., காய்ந்த ஆரிகனோ ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இதில் தக்காளிதான் முதலாளி, மற்றதெல்லாம் அதற்குத் துணை. தக்காளி பச்சை வாடை அடித்தால் எவ்வளவு விலைக்கு ஃபெட்டா வாங்கிப் போட்டாலும் சாலட் தேறாது. அதனால் இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி, காம்பு கீழே இருக்கும்படி வெளியில் வைத்துப் பழுக்க விடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் 12 டிகிரிக்குக் கீழே போனதும் தக்காளியின் வாசனை செத்துவிடும்.

நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா என்றால் இரண்டும் கலந்து போடுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் உண்டு, சதை குறைவு. பெங்களூர்த் தக்காளியில் சதை உண்டு, ருசி மட்டு. 400 கிராம் சதைப்பற்றானது, 200 கிராம் நாட்டுத் தக்காளி என்று எடுத்தால் சரியாக வரும். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பைச் சுரண்டி எறியாதீர்கள். தக்காளியின் ருசியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

இப்போது தண்ணீர். கிண்ணத்தின் அடியில் சாறு இறங்குவது தப்பே இல்லை, இறங்கத்தான் வேண்டும். தக்காளிச் சாறு, எண்ணெய், ஃபெட்டாவின் உப்புநீர் மூன்றும் கலந்த அந்தச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதற்கு அவர்கள் பாப்பாரா என்று தனிப் பேரே வைத்திருக்கிறார்கள். நாலு பேருக்கு அரை டம்ளர் சாறு என்பது சரியான அளவு. அதற்கு மேல் போனால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். காயைச் சின்னச் சின்னதாக நறுக்கியிருப்பீர்கள், கழுவிய ஈரத்தோடு போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் உப்புப் போட்டு வெகுநேரம் வைத்திருப்பீர்கள். உப்பு பட்டதும் காய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வரும். வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். அதனால் வெள்ளரி மேல் உப்பே போடக்கூடாது, தக்காளி மேல் மட்டும்தான்.

செய்முறை இப்படி. காய்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, கடைசி அலசல் கேன் தண்ணீரில். நம் பக்கத்துக் கிணற்று நீரில் சவர் இருக்கிறது, அது காயில் நிற்கும். துணியால் ஈரம் போகத் துடையுங்கள். தக்காளியை நீளவாக்கில் ஆறாக அல்லது எட்டாகப் பிளக்க வேண்டும், பொடியாக நறுக்கக் கூடாது. அகலமான தட்டில் போட்டு அரை டீஸ்பூன் உப்பைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் வெங்காயத்தை மெல்லிய வளையமாக வெட்டி ஐஸ் தண்ணீரில் போட்டு வையுங்கள், பத்து நிமிடத்தில் காரம் இறங்கிவிடும். வெள்ளரியின் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பு இருந்தால் அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, தோலையும் முழுக்கச் சீவிவிடுங்கள், கசப்பு காம்பிலும் தோலை ஒட்டியும்தான் அதிகம். பிறகு அரைநிலா வடிவில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டலாம். குடைமிளகாயை விதை நீக்கி வளையமாக வெட்டுங்கள்.

தக்காளி மேல் வெள்ளரி, குடைமிளகாய், ஈரம் ஒற்றிய வெங்காயம், ஆலிவ். எண்ணெயில் 45 மி.லி. ஊற்றிக் கையாலேயே இரண்டு புரட்டு, அதற்கு மேல் கிளற வேண்டாம். ஃபெட்டாவை ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் ஒரே பலகையாகவோ இரண்டாகவோ மேலே வையுங்கள். ஆரிகனோவை உள்ளங்கையில் கசக்கி அதன் மேல் தூவி, மீதி 15 மி.லி. எண்ணெயை அதன் மேலேயே ஊற்றுங்கள். இதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது. சாப்பிடுகிறவர் முள்கரண்டியால் ஃபெட்டாவை உடைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் முன்கூட்டியே உதிர்த்துக் கிளறியதால்தான் வெள்ளையாகியிருக்கிறது. ஃபெட்டா மிருதுவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கரையும்.

உப்புக் கரிப்பதற்குக் காரணமும் அதுதான். 200 கிராம் ஃபெட்டாவில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது முழுவதும் சாற்றில் கரைந்தால் வாயில் வைக்க முடியாது.

பாம்பன்_வடகாடு பதில்:

அக்கா எழுதியது அத்தனையும் சரி. ஆலிவ், ஆரிகனோ, எண்ணெய் மூன்றையும் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவரிடம் இருப்பதில் எண்ணெய் தவிர மற்ற இரண்டும் இந்த சாலட்டுக்கு ஆகாது.

டின்னில் வழவழவென்று ஒரே கறுப்பாக இருக்கும் ஆலிவ் பெரும்பாலும் பழுக்காத காயைக் காரநீரில் ஊறவைத்து, காற்றேற்றிக் கறுக்க வைத்தது. நிறம் நிற்க இரும்புச் சத்து உப்பு ஒன்றும் சேர்ப்பார்கள். கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, ரப்பர் மாதிரிதான் இருக்கும். கலமாட்டா என்று பாட்டிலில் வருவதை வாங்குங்கள். பாதாம் மாதிரி நீண்டு, கத்தரிக்காய் ஊதா நிறத்தில், கொட்டையோடு இருக்கும். கொட்டை எடுத்தது வாங்கினால் துளை வழியாக உப்புநீர் உள்ளே போய் உப்பும் கூடும், சதையும் குழையும். கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் இது அடிக்கடி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பீட்சா பொட்டலத்தைப் பிரித்து லேபிளைப் படியுங்கள். ஆரிகனோவோடு உப்பு, பூண்டுத் தூள், மிளகாய் எல்லாம் சேர்ந்த கலவை அது. அதைப் போட்டால் சாலட் பீட்சா வாடை அடிக்கும். இலை மட்டும் காய்ந்து வரும் சின்னப் பாட்டில் தனியாகக் கிடைக்கிறது. நம் ஊர்க் கடல் ஈரக்காற்றுக்கு அது ஒரு மாதத்தில் மக்கிப் புல் வாடை வந்துவிடும், இறுக்கமான மூடி போட்டு இருட்டில் வையுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலை இரண்டை நிழலில் நான்கைந்து நாள் உலர்த்திக் கசக்கி, கால் டீஸ்பூன் மட்டும் போடலாம். ஆரிகனோவுக்கு வாசனை தரும் அதே கார்வக்ரால் இதிலும் இருக்கிறது. பச்சை இலையாகப் போடாதீர்கள், இருமல் கஷாயம் நினைவுக்கு வரும்.

நல்லெண்ணெய் பற்றி: செக்கு நல்லெண்ணெய் அருமையான எண்ணெய்தான், ஆனால் அதன் மணம் தக்காளியை அமுக்கிவிடும். பாதிப் பாதி ஊற்றினாலும் நல்லெண்ணெய் மணம்தான் முன்னால் நிற்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் 60 மி.லி.யை 45 ஆக்குங்கள், எண்ணெயை மாற்ற வேண்டாம். ஒன்று மட்டும் பாருங்கள். பாட்டிலைத் திறந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தால் ஒரு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பச்சைப் புல், தக்காளிச் செடி வாடை வந்தால் நல்லது. சிக்குப் பிடித்த பழைய வேர்க்கடலை வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. அடுப்புப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் வைக்கும் பாட்டில்கள் நம் வெயிலுக்கு இப்படித்தான் போகும். ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் பயப்பட வேண்டாம், வெளியே வைத்தால் இளகிவிடும்.

தேவிபட்டினம்_மோர்ப்பானை பதில்:

ஆட்டுப்பால் கேள்விக்கு வருகிறேன். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது போல, ஃபெட்டா என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் பாதுகாப்புக் கொடுத்தது. மற்ற நாடுகள் வழக்குப் போட்டும் 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிரேக்க நிலப்பரப்பின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லெஸ்போஸ் தீவிலும், செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் அதிகபட்சம் 30 சதவீதம் சேர்த்து, இரண்டு மாதமாவது பதப்படுத்தினால்தான் அங்கே அந்தப் பெயர். எனவே நாம் செய்வது ஃபெட்டா அல்ல, அதே வழியில் செய்த உப்புநீர்ச் சீஸ். ஆனாலும் வெள்ளாட்டுப் பாலில் செய்தது, பாக்கெட்டில் வரும் மாட்டுப்பால் ஃபெட்டாவை விட ருசியில் அசலுக்கு நெருங்கி வரும்.

எலுமிச்சை பிழிந்து பன்னீர் செய்து உப்புநீரில் போட்டுவிடலாம் என்று பலர் எழுதுவார்கள். அது வராது. பன்னீர் கொதிக்கும் பாலைத் திரித்துச் செய்வது. அந்தச் சூட்டில் பாலின் எல்லாப் புரதமும் சேர்ந்து இறுகும், வாயில் கரையாது, நறுக்கு நறுக்கென்று இருக்கும். ஃபெட்டாவுக்கு வெதுவெதுப்பான பாலை ரென்னெட் (பாலை உறைய வைக்கும் நொதி) போட்டு உறைய வைக்க வேண்டும். சைவ ரென்னெட் என்று கேட்டு வாங்குங்கள், இணையத்தில் கிடைக்கிறது.

இரண்டு லிட்டர் ஆட்டுப்பால், கிடைக்கும் சீஸ் சுமார் 250 கிராம். பச்சைப் பாலில் செய்யாதீர்கள், ஆட்டுப்பால் வழியாக மால்டா காய்ச்சல் வரும். 63 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி 32 டிகிரிக்கு இறக்குங்கள். பொங்கக் காய்ச்சினால் உறையாது. பெட்டியில் வரும் யுஎச்டி பாலும் இதே காரணத்தால் உதவாது. புளிக்காத புதுத் தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன் கரைத்து விட்டு ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கால்சியம் குளோரைடு கால் டீஸ்பூன், பொட்டலத்தில் சொன்ன அளவு ரென்னெட், இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை நிமிடம் கலக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ரென்னெட் வேலை செய்யாது.

ஒரு மணி நேரம் கழித்துக் கத்தியைச் சாய்வாகச் செருகித் தூக்கினால் உறைந்த பால் தயிர் மாதிரி பளிச்சென்று பிளக்க வேண்டும், பிளவில் தெளிந்த நீர் வர வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் இன்னும் கால்மணி நேரம். இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பத்து நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு இருபது நிமிடம் மெல்ல மெல்லப் புரட்டுங்கள். ஆட்டுப்பால் தயிர் மாட்டுப்பால் தயிரை விட நொறுங்கும் சுபாவம் கொண்டது, வேகம் காட்டினால் பொடிப்பொடியாகப் போகும். துணி விரித்த வடிகூடையில் ஊற்றி, ஒரு மணிக்கொரு முறை திருப்பிப் போடுங்கள். குளிர் நாட்டில் ஒரு நாள் முழுக்க வெளியில் வைப்பார்கள். நம் பக்கத்து 33, 34 டிகிரியில் அப்படி வைத்தால் புளித்து வெடித்துவிடும். ஐந்து மணி நேரத்தில் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

மறுநாள் பலகையாக வெட்டி, எல்லாப் பக்கமும் கல் உப்பைத் தடவி, மூடிய பெட்டியில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள். இறங்கும் நீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள். அப்புறம் 920 மி.லி. தண்ணீருக்கு 80 கிராம் உப்பு. வாலிநோக்கம் பக்கத்துக் கல் உப்பு என்றால் கொதிக்க வைத்து, மண் அடியில் தங்கத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். இதோடு ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகரும் கால்சியம் குளோரைடு அரை டீஸ்பூனும் கட்டாயம். இவை இரண்டும் இல்லாத வெறும் உப்புநீரில் நாலாம் நாளே சீஸின் மேல்தோல் வழுவழுத்துக் கரைய ஆரம்பிக்கும், ஏனென்றால் சீஸில் இருக்கும் கால்சியம் தண்ணீருக்குப் போய்விடும். முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் சாப்பிடலாம், ஒரு மாதம் ஆனால் ருசி கூடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது, இந்த முறை பாக்கெட்டையே வையுங்கள்.

தோணித்துறை_மண்டபம்:

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பாக்கெட் ஃபெட்டா உப்பு அதிகமாக இருந்தால் குறைக்க வழி உண்டா? வினிகர் ஊற்றணுமா, எலுமிச்சை போதுமா? யாருமே சொல்லவில்லையே.

கீழக்கரை_அடுப்படி:

உப்பைக் குறைக்க, பலகையை உடைக்காமல் குளிர்ந்த பாலில் அரைமணி நேரம் மூழ்க வைத்து எடுத்துத் துடையுங்கள். தண்ணீரிலும் வைக்கலாம், ஆனால் தண்ணீர் மேல்தோலைக் குழைக்கும், பால் அப்படிச் செய்யாது.

வினிகரை வேண்டுமென்றே விட்டேன். கிரேக்கத்திலேயே ஊற்றுகிற வீடும் உண்டு, ஊற்றாத வீடும் உண்டு. ஊற்றுவது சிவப்பு ஒயின் வினிகர், நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன். நாட்டுத் தக்காளி சேர்க்கும்போது புளிப்புக்குக் குறைவே இல்லை, அதனால் எனக்கு அது தேவையில்லை. எலுமிச்சை இந்த சாலட்டுக்கு வழக்கமில்லை, அதை மீனுக்குப் பிழியுங்கள். ஒயின் சம்பந்தப்பட்டதைத் தவிர்க்கிற வீடுகளுக்கு ஒரு குறிப்பு: கலமாட்டா ஆலிவ் பாட்டிலின் ஊறல் நீரிலும் பெரும்பாலும் ஒயின் வினிகர் இருக்கும். லேபிளைப் படித்து, வெறும் உப்புநீரில் ஊறியதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏர்வாடி_தோட்டம் பதில்:

ஒரு சேர்க்கை சொல்கிறேன். கிரேக்கத்தில் கோடையில் கிளிஸ்ட்ரிடா என்ற கீரையைப் பச்சையாக இதில் போடுவார்கள். அது நம் பருப்புக்கீரைதான். தோட்டத்தில் களையாக முளைக்கும், சந்தையிலும் கட்டு கிடைக்கும். நுனிக் கொழுந்தாக ஒரு கைப்பிடி, மூன்று நான்கு தண்ணீரில் மண் போக அலசி, ஈரம் ஒற்றிப் போடுங்கள். லேசான புளிப்பும் மொறுமொறுப்பும் கிடைக்கும். காலையில் பறித்ததில் புளிப்பு தூக்கலாகவும் சாயங்காலம் பறித்ததில் குறைவாகவும் இருக்கும். இரவில் இலையில் சேரும் அமிலம் பகலில் செலவாகிவிடுகிறது. கடற்கரை மணலில் பார்ப்பதற்கு இதே மாதிரி தடித்த இலையோடு படரும் வேறு செடிகளும் உண்டு, அவற்றில் உப்பு அதிகம். தெரியாமல் பறிக்க வேண்டாம், சந்தைக் கீரையே போதும்.

சின்ன வெங்காயம் பற்றி யாரும் சொல்லவில்லை. போடலாம், ஏழெட்டு போதும், வளையமாக வெட்டி ஐஸ் தண்ணீரில் பத்துக்குப் பதில் இருபது நிமிடம் வையுங்கள். அதன் காரம் பெரிய வெங்காயத்தை விடக் கூர்மை.

பாம்பன்_வடகாடு:

பருப்புக்கீரை நல்ல யோசனை சகோ. அது போட்டால் குடைமிளகாயைப் பாதியாக்கலாம்.

சாற்றைத் தோய்க்க ரொட்டி என்றால் பேக்கரி பன் வேண்டாம், சர்க்கரை சேர்ந்தது, எல்லாவற்றையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத கோதுமை ரொட்டியைத் தடித்த துண்டாக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகச் சுட்டு வையுங்கள். கிரீட் தீவில் பார்லி ரஸ்க் மேலேயே தக்காளியும் சீஸும் போட்டுச் சாப்பிடுவார்கள், நம் கடை ரஸ்க்கும் இனிப்பு என்பதால் அதற்கு ஆகாது.

தோணித்துறை_மண்டபம்:

கடைசியாக ஒன்று. மழை இல்லையென்றால் சாப்பாட்டை அரியமான் கடற்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். வீட்டிலேயே கலந்து எடுத்துப்போனால் தாங்குமா?

கீழக்கரை_அடுப்படி:

கலந்து எடுத்துப்போகாதீர்கள். வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயத்தை வெட்டி, ஈரம் ஒற்றி, ஒரே டப்பாவில் உப்பில்லாமல். தக்காளியை முழுசாகவே எடுத்துப் போய் அங்கே பிளக்கலாம், காற்று அடித்தால் மணல் விழும் என்று நினைத்தால் வண்டிக்குள் உட்கார்ந்து வெட்டுங்கள். எண்ணெயும் ஆரிகனோவும் ஒரு சின்னப் பாட்டிலில். ஃபெட்டாவைப் பாக்கெட் பிரிக்காமல் ஐஸ் பெட்டியில், மீனோடு ஒட்டாமல் தனிப் பையில் வையுங்கள். 32 டிகிரிக்கு மேல் இருக்கும் வெயிலில் ஃபெட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. அதனால் மீன் அடுப்பில் ஏறிய பிறகு தக்காளிக்கு உப்புப் போடுங்கள், மீனை இறக்கும் நேரத்தில் ஃபெட்டாவைப் பிரியுங்கள். மிஞ்சினால் ஃபெட்டாவைக் கொட்டிவிட வேண்டியதுதான். அது படாத காய் மட்டும் ஐஸ் பெட்டியில் திரும்பி வரலாம்.